கணக்கு நம்முடையது, சாவி யாரிடம்?
கடைக்கு சாப்ட்வேர் வாங்குமுன் டேட்டாபேஸ் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை



"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பார்கள் பெரியவர்கள். எழுதிய கணக்கும் கைக்குக் கிடைக்காமல் போகும் காலம் ஒன்று வரும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். 2020-ஆம் ஆண்டு பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது பூலாம்பாடியில் நம் கடையில் அதுதான் நடந்தது. அந்த அனுபவத்தையும், அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் நம் சங்க உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

அரும்பாவூர், கிருஷ்ணாபுரம், கை.களத்தூர், வேப்பந்தட்டை வட்டாரத்துச் சில்லறைக் கடைகளுக்கு நாம் மளிகைச் சரக்கு மொத்தமாகக் கொடுத்து வருகிறோம். வாரக் கணக்கு. சரக்கு இந்த வாரம், பணம் அடுத்த வாரம். பாக்கி முழுவதும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. வெல்லமும் பச்சரிசியும் மூட்டை மூட்டையாகப் போய்க் கொண்டிருந்த நேரத்தில் பழைய கம்ப்யூட்டர் புகைந்து நின்றுவிட்டது. ஆனால் உள்ளிருந்த ஹார்டு டிஸ்க் பிழைத்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, பழைய டிஸ்க்கை அதில் மாட்டினோம். கணக்குக் கோப்பு கண்ணுக்குத் தெரிந்தது. பில் போடும் புரோகிராமைத் திறந்தால் மட்டும் ஒரே ஒரு வரி வந்து நின்றது. "மைக்ரோசாப்ட் ஜெட் ஓ.எல்.இ. டி.பி. 4.0 என்ற ப்ரொவைடர் இந்தக் கம்ப்யூட்டரில் பதிவாகவில்லை" என்பது அதன் பொருள்.

புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் வெளியூரில் இருந்தார், போன் எடுக்கவில்லை. கோப்பை வேறு வழியில் திறக்கலாம் என்றால் அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பது தெரியாமல் ஐந்து நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தோம். சரக்கு நம்முடையது, கணக்கு நம்முடையது, கோப்பு நம் மேஜை மேல் இருக்கிறது. சாவி மட்டும் வேறொருவரிடம்.

கடைசியில் பெரம்பலூரிலிருந்து வந்த ஓர் இளைஞர் அரை மணி நேரத்தில் சரி செய்தார். அவர் என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறோம். அது புரிய வேண்டுமானால் முதலில் டேட்டாபேஸ் என்றால் என்ன என்பதைப் பார்க்க வேண்டும்.

டேட்டாபேஸ் என்பது என்ன?

பில் போடும் சாப்ட்வேர் வேறு, கணக்கு இருக்கும் இடம் வேறு. இதைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. திரையில் தெரிவது சாப்ட்வேர். அது கணக்கைத் தன் வயிற்றுக்குள் வைத்துக் கொள்வதில்லை. பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் என்ற தகவல் கிடங்கில் கொண்டு போய் வைக்கிறது. சாப்ட்வேரைக் கடையின் முகப்பு என்றும், டேட்டாபேஸைக் குடோன் என்றும் வைத்துக் கொள்ளலாம்.

கிடங்கிற்குள் இருப்பவை அட்டவணைகள். வாடிக்கையாளர் அட்டவணை, சரக்கு அட்டவணை, பில் அட்டவணை என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பேரேடு. பேரேட்டின் முதல் பக்கங்களில் யார் கணக்கு எந்தப் பக்கம் என்று அகர வரிசையில் எழுதி வைப்போம் அல்லவா, அதுதான் இண்டெக்ஸ். ஒரு பேரேட்டில் உள்ள வாடிக்கையாளர் எண்ணைக் கொண்டு இன்னொரு பேரேட்டில் அவருடைய பில்களைத் தேடி எடுக்கும் முறைக்கு 1970-ல் கணித முறைப்படி அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். இந்தக் கிடங்குகளோடு பேசும் மொழிக்கு எஸ்.க்யூ.எல். என்று பெயர். 1986-ல் அது அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் அங்கீகாரம் பெற்றது. இன்று எந்தக் கம்பெனியின் டேட்டாபேஸானாலும் பெரும்பாலும் இந்த மொழிதான். வட்டார வழக்குபோல் சிறு வேறுபாடுகள் இருக்கும்.

இருவகைக் கிடங்குகள்

புரோகிராம் எழுதும் பிள்ளைகள் கூடினால் எந்த டேட்டாபேஸ் நல்லது என்று வாதம் செய்வதைப் பார்க்கலாம். நம் கடையிலேயே இரண்டு பேர் டீ ஆறிப் போகும் வரை வாதம் செய்தார்கள். அதைக் கேட்டு நாம் புரிந்து கொண்டது, அடிப்படையில் இரண்டு வகை உண்டு என்பது.

முதல் வகை, வெறும் கோப்பு. டிபேஸ், பாக்ஸ்ப்ரோ, மைக்ரோசாப்ட் அக்சஸ் ஆகியவை இதைச் சேர்ந்தவை. 1990-களில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன பிள்ளைகள் எல்லோரும் படித்தது டிபேஸும் பாக்ஸ்ப்ரோவும்தான். அதனால் நம் ஊர்ப் பக்கக் கடைகளுக்கு எழுதப்பட்ட பழைய புரோகிராம்கள் பலவும் அவற்றில் அமைந்தவை. இந்த வகையில் பேரேடு பொது இடத்தில் திறந்தபடி கிடக்கிறது. கடையில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தால் மூன்றும் நேராக அந்தப் பேரேட்டிலேயே கை வைத்து எழுதும். எழுதிக் கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி வரி எழுதப்பட்டிருக்கும், மீதி இராது. முன் பக்கத்து அகர வரிசை ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். "இண்டெக்ஸ் கெட்டுவிட்டது" என்று அந்தக் காலத்தில் அடிக்கடி கேட்டது இதைத்தான்.

இரண்டாவது வகை, சர்வர். ஆரக்கிள், மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர், மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் ஆகியவை இவ்வகை. இங்கே பேரேட்டைத் தொடும் உரிமை ஒரே ஒரு கணக்குப்பிள்ளைக்குத்தான். மற்றக் கம்ப்யூட்டர்கள் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வரிசைப்படுத்தி எழுதுவார். ஒரே சிப்பத்தை இரண்டு பேர் விற்கப் பார்த்தால் ஒருவரை நிறுத்தி வைப்பார். ரயில் முன்பதிவில் ஒரே படுக்கையை இரண்டு கவுண்டரில் விற்காமல் இருப்பதும் இந்த முறையால்தான்.

இன்னொன்றும் உண்டு. நம் பழைய கணக்குப்பிள்ளைகள் நடந்ததை நடந்தபடி முதலில் சிட்டாவில் எழுதுவார்கள். பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேடு நனைந்து போனாலும் சிட்டாவைக் கொண்டு மறுபடி எழுதிவிடலாம். சர்வர் வகை டேட்டாபேஸ்கள் செய்வதும் இதேதான். எந்த மாற்றத்தையும் முதலில் "லாக்" என்ற சிட்டாவில் எழுதி, டிஸ்க்கில் பதிந்தது உறுதியான பின்தான் "முடிந்தது" என்று சொல்லும். நடுவில் கரண்ட் போனால், திரும்ப எழும்போது சிட்டாவைப் படித்து, முடிந்தவற்றை ஏற்றும். அரைகுறையாக நின்றவற்றை அடித்துவிடும்.

இந்தக் கடைசிப் பகுதி வியாபாரிக்கு மிக முக்கியம். பத்து மூட்டை வெல்லம் கடனுக்குக் கொடுக்கிறோம். இருப்பில் பத்து குறைய வேண்டும். பாக்கியில் தொகை ஏற வேண்டும். இருப்பு குறைந்து பாக்கி ஏறாவிட்டால் நமக்கு நஷ்டம். பாக்கி ஏறி இருப்பு குறையாவிட்டால் ஆண்டு முடிவில் சரக்கு உதைக்கும். நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும். இல்லையேல் இரண்டும் நடக்கக் கூடாது. இதை டிரான்சாக்ஷன் என்பார்கள். டேட்டாபேஸில் இந்த வசதி இருந்தாலும், புரோகிராம் எழுதுபவர் அதைப் பயன்படுத்தி எழுதியிருந்தால்தான் பலன்.

ஒவ்வொன்றைப் பற்றியும் சில வார்த்தை

பாக்ஸ்ப்ரோ: 1992-ல் மைக்ரோசாப்ட் கைக்கு வந்தது. விஷுவல் பாக்ஸ்ப்ரோ 9 தான் கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்துவிட்டது. இன்னும் இதில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஓடும்போதே மாறிக் கொள்வது நல்லது. ஒரு அட்டவணை 2 ஜி.பி.க்கு மேல் வளராது.

அக்சஸ்: 1992-ல் வந்தது. முழுக் கோப்புக்கும் 2 ஜி.பி. எல்லை. ஒற்றைக் கம்ப்யூட்டர் கடைக்குப் பழுதில்லை. பலர் சேர்ந்து எழுத ஏற்றதல்ல.

எஸ்.க்யூ.லைட்: அமெரிக்கரான ரிச்சர்ட் ஹிப் 2000-ல் வெளியிட்டது. முற்றிலும் இலவசம். இதுவும் ஒரே கோப்புதான். ஆனால் சிட்டா முறை உள்ளே இருப்பதால் கரண்ட் போனாலும் தாங்கும். நம் பையில் உள்ள செல்போனில் இருப்பது இதுதான். ஒரே கம்ப்யூட்டரில் பில் போடும் சிறு கடைக்குப் போதும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பதும், நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த போல்டரில் வைத்து ஓட்டக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

மை எஸ்.க்யூ.எல்.: 1995-ல் சுவீடன் நாட்டில் பிறந்தது. 2008-ல் சன் நிறுவனமும், 2010-ல் சன்னோடு சேர்த்து ஆரக்கிளும் வாங்கின. கை மாறுவது பிடிக்காமல் அதை உருவாக்கியவரே 2009-ல் மரியா டி.பி. என்று தனிக் கிளை தொடங்கினார். இணையதளங்களில் மிகுதியாகப் பயன்படுவது.

போஸ்ட்கிரெஸ்: கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1986-ல் தொடங்கிய வேலை. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. இலவசம். கிடங்கு இவ்வளவுதான் என்ற உரிமக் கட்டுப்பாடு கிடையாது.

எஸ்.க்யூ.எல். சர்வர்: மைக்ரோசாப்டின் சரக்கு. விலை உண்டு. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பும் உண்டு. 2022 பதிப்பு வரை இதில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜி.பி. எல்லை. தானே நேரம் பார்த்து பேக்கப் எடுக்கும் ஏஜெண்டு இலவசப் பதிப்பில் கிடையாது. அதற்கு வின்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலரில் தனியாக ஏற்பாடு செய்து கொள்ள வேண்டும்.

ஆரக்கிள்: 1977-ல் தொடங்கிய கம்பெனி. வங்கிகளுக்கும் பெரிய ஆலைகளுக்கும் ஏற்றது. நம் போன்றவர்களுக்கு யானை கட்டித் தீனி போடும் கதை.

இனி நம் நாட்டு உதாரணங்களைப் பார்ப்போம். பெங்களூரில் 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கியது டாலி. நம்மில் பலருக்கும் கம்ப்யூட்டர் கணக்கு என்றாலே டாலிதான். பரத் கோயங்காவுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. டாலி மேலே சொன்ன எதையும் பயன்படுத்தாமல் தனக்கென்று சொந்தக் கிடங்கு முறை வைத்திருக்கிறது. ஆனால் வெளியிலிருந்து எக்ஸெல் போன்றவை அதன் கணக்கைப் படிப்பதற்கு ஓ.டி.பி.சி. என்ற வாசல் ஒன்றும் திறந்து வைத்திருக்கிறது.

நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனம் 1996-ல் வேறு பெயரில் தொடங்கி, 2009-ல் இந்தப் பெயருக்கு மாறியது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்தும் வேலை செய்கிறது. அவர்களுடைய மேனேஜ் என்ஜின் பிரிவின் சாப்ட்வேர்கள் பலவற்றில் போஸ்ட்கிரெஸ் உள்ளேயே சேர்ந்து வரும். வேண்டுமென்றால் மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வருக்கு மாறிக் கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். முகப்பு அதே, குடோன் மட்டும் வாங்குபவர் விருப்பம். நல்ல சாப்ட்வேர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

நமக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

10 ஜி.பி. போதுமா, போதாதா என்று பயப்படுவதை விட ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 200 பில், பில்லுக்கு 12 வரி என்றால் 2,400 வரி. ஆண்டுக்கு 300 நாள் கடை திறந்தால் 7 லட்சத்து 20 ஆயிரம் வரி. ஒரு வரிக்கு 200 பைட் என்று தாராளமாக வைத்தால் சுமார் 144 எம்.பி. இண்டெக்ஸுக்கும் மற்றவற்றுக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 300 எம்.பி. அப்படியானால் அக்சஸின் 2 ஜி.பி. ஆறேழு ஆண்டில் நிரம்பும். எக்ஸ்பிரஸின் 10 ஜி.பி. முப்பது ஆண்டுக்கு மேல் வரும். இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியதும் நம் கடையில் நடந்த வாதம் அடங்கியது. பெரிய மொத்த வியாபாரிகள் தங்கள் பில் எண்ணிக்கையை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நாம் எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்தோம். அதுதான் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. போஸ்ட்கிரெஸ் எந்த வகையிலும் குறைந்ததல்ல. பெரம்பலூரில் கூப்பிட்டால் வரக்கூடிய ஆள் அதை அறிந்தவராக இருந்தார், அதுதான் காரணம். மிகச் சிறந்த மோட்டார் வாங்கி, பழுது பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவேண்டும் என்றால் வெங்காயம் காய்ந்துவிடும்.

நடுவில் இருக்கும் தரகர்

இப்போது நம் கடையில் நடந்ததற்கு வருவோம். சாப்ட்வேருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஒருவர் இருக்கிறார். அவர்தான் ப்ரொவைடர், டிரைவர் என்றும் சொல்வார்கள். கமிஷன் மண்டித் தரகர் மாதிரி. இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கத்துக்குப் புரிய வைப்பது அவர் வேலை. முகப்பு சரியாக இருந்து, குடோனும் சரியாக இருந்து, தரகர் வராவிட்டால் வியாபாரம் நின்றுவிடும்.

1992-ல் மைக்ரோசாப்ட் ஓ.டி.பி.சி. என்ற பொது முறையைக் கொண்டு வந்தது. அடுத்து 1996-ல் ஓ.எல்.இ. டி.பி. வந்தது. 2002-ல் டாட் நெட் வந்தபோது ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித் தரகர் வைக்கும் முறை வந்தது. மை எஸ்.க்யூ.எல்.லுக்குக் கனெக்டர் நெட், போஸ்ட்கிரெஸுக்கு என்பிஜி எஸ்.க்யூ.எல். என்று இப்போது தனித்தனியாக உண்டு.

அக்சஸ் கோப்புக்கான ஜெட் என்ற பழைய தரகர் 32 பிட் கம்ப்யூட்டர் காலத்தவர். 64 பிட்டுக்கு மைக்ரோசாப்ட் அவரைத் தயார் செய்யவே இல்லை. நம் பழைய கம்ப்யூட்டரின் வின்டோஸ் 32 பிட். புதியது 64 பிட். நம் புரோகிராம் "எந்தக் கம்ப்யூட்டரானாலும் அதற்கேற்ப ஓடு" என்ற அமைப்பில் செய்யப்பட்டிருந்தது. ஆகவே புதுக் கம்ப்யூட்டரில் அது 64 பிட்டாக ஓடி, 64 பிட் ஜெட்டைத் தேடியது. இல்லாத ஆளை எங்கே தேடுவது? பெரம்பலூர் இளைஞர் புரோகிராமில் ஒரே ஓர் அடையாளத்தை மாற்றி, "32 பிட்டாகவே ஓடு" என்று வைத்தார். உடனே திறந்துவிட்டது. ஜெட்டுக்குப் பிறகு வந்த ஏஸ் என்ற தரகருக்கு 64 பிட் வடிவம் உண்டு. ஆனால் அதற்குப் புரோகிராமில் தரகர் பெயரை மாற்ற வேண்டும். அதற்கு எழுதியவர் வேண்டும்.

இந்தத் தரகர் தொல்லை அக்சஸோடு முடிவதில்லை. 2018-ல் மை எஸ்.க்யூ.எல். 8 வந்தபோது பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறையை மாற்றினார்கள். பழைய தரகர்களை வைத்திருந்த புரோகிராம்கள் உள்ளே நுழைய முடியாமல் நின்றன. 2021-ல் மைக்ரோசாப்ட் தன் எஸ்.க்யூ.எல். சர்வர் தரகரின் 4.0 பதிப்பில், எல்லாப் பேச்சும் பூட்டிய உறைக்குள்தான் போக வேண்டும் என்பதை வழக்கமாக்கியது. கடைகளில் அதற்கான சான்றிதழ் இல்லாததால் பல இடங்களில் தகராறு வந்தது. ஆகவே டேட்டாபேஸையோ தரகரையோ புதுப்பிக்கும் வேலையைப் பண்டிகைக் காலத்தில் வைத்துக் கொள்ளக் கூடாது. ஆடி மாதம் நல்ல மாதம்.

பார்சல் விலாசம்

தரகருக்கு வழி சொல்லும் ஒரு வரி இருக்கிறது. கனெக்ஷன் ஸ்ட்ரிங் என்பார்கள். லாரி ஆபீசில் பார்சலுக்கு விலாசம் எழுதுவது போல இதில் ஐந்து விவரம் இருக்கும்: எந்தக் கம்ப்யூட்டர், எந்தக் கதவு, எந்த டேட்டாபேஸ், யார் பெயரில், என்ன பாஸ்வேர்டு. கதவு எண்ணைப் போர்ட் என்பார்கள். எஸ்.க்யூ.எல். சர்வருக்கு 1433, மை எஸ்.க்யூ.எல்.லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521 என்பவை வழக்கமான எண்கள்.

இரண்டாவது கம்ப்யூட்டர் சேர்க்கும்போது வரும் தடங்கல்கள் பெரும்பாலும் இந்த விலாசத்தில்தான். எக்ஸ்பிரஸ் பதிப்பில் வெளிக் கம்ப்யூட்டர்களுக்கான வாசல் முதலில் மூடியே இருக்கும். திறந்துவிட்டு, கதவு எண்ணையும் நிலையாக வைக்க வேண்டும். போஸ்ட்கிரெஸும் முதலில் தன் கம்ப்யூட்டரில் இருந்து கூப்பிட்டால்தான் கேட்கும். யார் யார் வரலாம் என்று தனிப் பட்டியலில் எழுத வேண்டும். மை எஸ்.க்யூ.எல்.லில் ஆள் பெயரோடு அவர் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறார் என்பதும் சேர்த்துப் பார்க்கப்படும். நேற்று வரை ஓடியது இன்று காலை ஓடவில்லை என்றால், இன்டர்நெட் பெட்டியை அணைத்துப் போட்டதில் சர்வர் கம்ப்யூட்டரின் எண் மாறியிருக்கலாம். அந்த எண்ணை மாறாமல் நிறுத்தி வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பாஸ்வேர்டு இல்லாமல் விடுவது கல்லாவைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம். 2002 மே மாதத்தில் ஸ்பைடா என்ற புழு, எஸ்.க்யூ.எல். சர்வரில் தலைமைப் பயனருக்குப் பாஸ்வேர்டு வைக்காத கம்ப்யூட்டர்களாகத் தேடி நுழைந்தது. கடை ஆட்கள் பயன்படுத்தும் பெயர் தலைமைப் பயனராக இருக்கவும் கூடாது. பில் போடுபவருக்குப் பில் போடும் உரிமை போதும். பேரேட்டையே அழிக்கும் உரிமை எதற்கு?

தமிழ்ப் பெயரும் பைசாவும்

இரண்டு சிறிய விஷயங்கள் பின்னால் பெரிய தலைவலி தரும். முதலாவது, தமிழ். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.க்யூ.எல். சர்வரில் பெயருக்கான கட்டத்தை வார்சார் என்று சாதாரணமாக வைத்தால் இப்படி ஆகும். என்வார்சார் என்று வைத்தால் தமிழ் தமிழாகவே இருக்கும். கேள்விக்குறியாகப் பதிந்தது பதிந்ததுதான். பெயரைத் திரும்ப எடுக்க முடியாது. போஸ்ட்கிரெஸில் யு.டி.எப். 8 என்றும், மை எஸ்.க்யூ.எல்.லில் யு.டி.எப். 8 எம்.பி. 4 என்றும் அமைக்கச் சொல்ல வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பெயர்கள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக் கொண்டுவிட்டது.

இரண்டாவது, பைசா. கம்ப்யூட்டரில் எண்களை வைக்க இரண்டு முறை உண்டு. ப்ளோட் என்ற முறையில் பத்துப் பைசாவைக்கூடத் துல்லியமாக வைக்க முடியாது. மிக மிகச் சிறிய பிசகு இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது அது வெளியே தெரிந்து ஐந்தொகை பொருந்தாமல் நிற்கும். பணத்துக்கு டெசிமல் முறைதான் சரி. எஸ்.க்யூ.லைட்டில் டெசிமல் கிடையாது என்பதால் தொகையைப் பைசாவாக்கி முழு எண்ணாக வைப்பது வழக்கம்.

சட்டம் சொல்வது

ஜி.எஸ்.டி. 2017 ஜூலை முதல் தேதி வந்தது. அந்தச் சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும். அதாவது ஆறு ஆண்டு. சாப்ட்வேர் மாற்றிவிட்டோம், பழையது திறக்கவில்லை என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் 2023 ஏப்ரல் முதல், யார் எந்தப் பதிவை எப்போது திருத்தினார்கள் என்ற சுவடு அழியாமல் இருக்கும் சாப்ட்வேரையே பயன்படுத்த வேண்டும். தனி உரிமையாளர் கடைகளுக்கு இந்த விதி கிடையாது. இருந்தாலும் அந்தச் சுவடு இருப்பது நமக்கே நல்லது.

சாப்ட்வேர்காரரிடம் கேட்க வேண்டியவை

1. கணக்கு எந்த டேட்டாபேஸில் இருக்கிறது? அது எந்தக் கம்ப்யூட்டரில், எந்த இடத்தில் இருக்கிறது?

2. டேட்டாபேஸின் பாஸ்வேர்டை உறையில் போட்டுத் தருவீர்களா? இதற்குத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம் என்பது நம் கருத்து.

3. எங்கள் கணக்கு முழுவதையும் எக்ஸெல்லில் திறக்கும் சாதாரணக் கோப்பாக நாங்களே எடுத்துக் கொள்ளும் பொத்தான் இருக்கிறதா?

4. எந்த ப்ரொவைடர்? 32 பிட்டா, 64 பிட்டா? கம்ப்யூட்டர் மாற்றினால் என்னென்ன போட வேண்டும்? இதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் கொள்ளவும்.

5. விலாச வரி தனிக் கோப்பில் இருக்கிறதா, புரோகிராமுக்குள் புதைந்திருக்கிறதா? புதைந்திருந்தால் சிறு மாற்றத்துக்கும் அவரையே தேட வேண்டும்.

6. தமிழ் எழுத்தும் டெசிமலும் சரியாக இருக்கின்றனவா?

7. பேக்கப் தினமும் எடுக்கிறதா? எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து காட்ட முடியுமா? திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப வேண்டாம்.

நம் கடையில் இப்போது தினசரி பேக்கப் ஒன்று வீட்டுக்கு வருகிறது. மாதம் முதல் ஞாயிறு அன்று பாக்கிப் பட்டியலைத் தாளில் அச்சடித்துப் பீரோவில் வைக்கிறோம். ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முன், பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்து கூட்டுத் தொகை ஒத்து வருகிறதா என்று பார்க்கிறோம்.

அந்த ஐந்து நாள் எப்படிக் கழிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செய்தி தெரிந்ததும் சில்லறைக் கடைக்காரர்கள் தங்கள் பற்று நோட்டுகளை எடுத்துக் கொண்டு தாங்களே வந்தார்கள். நோட்டில் உள்ளதைப் பார்த்துப் பாக்கியைக் குறித்துக் கொண்டு சரக்குக் கொடுத்தோம். கிருஷ்ணாபுரம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவருடைய நோட்டில் பாக்கி 18,400 ரூபாய் என்று இருந்தது. இருபத்தி இரண்டாயிரத்துக்குக் குறையாது என்று நமக்கு நினைவு. அவரிடம் அப்படியே சொல்லிவிட்டோம். அவர் முகம் சுண்டியது. "அண்ணே, கம்ப்யூட்டர் திறக்கட்டும். அது சொல்றதை நான் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, 18,400-ஐ எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டர் திறந்ததும் முதலில் பார்த்தது அவர் கணக்கைத்தான். 18,400 ரூபாய் என்று இருந்தது. அன்று மாலையே அவர் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். டேட்டாபேஸ் பழுதானால் ஆள் வைத்துச் சரி செய்து கொள்ளலாம். கணக்குக் கையில் இல்லாத நேரத்தில் வாடிக்கையாளரிடம் விடும் வார்த்தையைத் திரும்ப எடுப்பது அவ்வளவு எளிதல்ல. கணக்கு எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று இவ்வளவு விரிவாக எழுதியது அதற்காகத்தான்.